பர்தா, கோஷா, இற்செறிப்பு

துணிக்கடைப் பலகையில் 'பர்தா' என்று பார்த்தால் நமக்குச் சந்தேகமே வராது. தலை முதல் கால் வரை மூடும் கறுப்பு உடை. அதே நினைப்போடு வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் உள்ள ரோஹிங்கியா அகதி முகாம்களைப் பற்றிய செய்தியைப் படித்தால் குழம்பிப்போவோம். 'பர்தாவால் ரோஹிங்கியாப் பெண்பிள்ளைகள் படிப்பு நிற்கிறது' என்றால், வயதுக்கு வந்தவள் குடிசையை விட்டு வெளியே வராத வழக்கத்தைத்தான் அங்கே சொல்கிறார்கள்.

பாரசீகத்தில் பர்தா என்பது திரைச்சீலை. வங்காளியில் சன்னலில் தொங்குவதும் பர்தாதான். பெண்கள் இருக்குமிடத்தை மறைத்த திரை, நாளடைவில் அந்த வழக்கத்துக்கே பெயரானது. தமிழில் அது உடையளவாகச் சுருங்கிவிட்டது. வழக்கத்தைச் சொல்ல நம்மிடம் இன்னொரு பாரசீகச் சொல் புழங்கியது: கோஷா, அதாவது மூலை. சென்னைக்காரர்களுக்கு அது ஆஸ்பத்திரிப் பெயர். ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளாத பெண்களுக்காக 1885இல் ஆங்கிலேய மருத்துவர் மேரி ஷார்லீப் தொடங்கியது. இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.

2017 ஆகஸ்டுக்குப் பின் அங்கே சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்கியாக்கள் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் மியான்மரிலிருந்து எல்லை தாண்டினார்கள். காக்ஸ் பஜாரின் குதுபாலோங் முகாமில் மூங்கில், தார்ப்பாய்க் குடிசைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. குழாயும் கழிப்பறையும் பொது. ஊரில் உறவுக்காரர் நடுவே வளையவந்த பெண்ணுக்கு இங்கே அடுத்த குடிசையே அந்நியம். ஊர் மாறினால் கட்டுப்பாடு தளரும் என்பது நம் கற்பனை. பயம் கூடினால் அது இறுகத்தான் செய்யும். தம்பியோடு கற்றல் மையத்துக்குப் போய்வந்தவள், பருவமடைந்ததும் நின்றுவிடுகிறாள். ஆண் ஆசிரியர் என்றால் கேட்கவே வேண்டாம். பெண் ஆசிரியரைப் போடலாமே என்றால், பாடம் நடத்துமளவு படித்த ரோஹிங்கியாப் பெண்கள் சொற்பம். மியான்மரில் அவர்களின் சொந்த மாநிலமான ராக்கைனில் அரசு போட்ட தடைகளும் இதே வழக்கமும் சேர்ந்து முந்தைய தலைமுறையையும் வீட்டில் உட்காரவைத்திருந்தன.

பெண்களுக்கு மட்டுமான வகுப்பு, வழித்துணைக்கு ஒரு பெண் என்று ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் ஏற்பாடு செய்ததும் சில பெற்றோர் இறங்கிவந்தார்கள். 2023இல் எல்லா வகுப்புகளுக்கும் மியான்மர் பாடத்திட்டம் வந்தபோது சுமார் 3 லட்சம் பிள்ளைகள் பதிந்தார்கள். வழக்கத்தோடு மல்லுக்கு நிற்காமல் அதற்குள்ளேயே ஒரு கதவு வைப்பது, கோஷா ஆஸ்பத்திரி செய்த வேலைதான்.

சரி, இந்த வழக்கத்தைத் தமிழில் என்ன சொல்வது? 'திரை', 'முக்காடு' இரண்டும் துணியோடு நின்றுவிடும். அகப்பாடல்களில் 'இற்செறிப்பு' இருக்கிறது: இல் + செறிப்பு, அதாவது வீட்டுக்குள் அடக்கிவைத்தல். மகளின் பருவ வளர்ச்சியைக் கண்டோ, காதலை ஐயுற்றோ, தாய் அவளைத் தினைப்புனம் காக்க அனுப்பாமல் வீட்டில் நிறுத்திக்கொள்வது. சமயச் சாயல் இதில் கிடையாது. முகாமில் காதல் சந்தேகம் தேவையில்லை, வயதே போதும் என்ற வேறுபாடு உண்டுதான். ஆனாலும் நான் இதையே எடுப்பேன், ஏனென்றால் செறிப்பதற்கு ஆள் வேண்டும்; 'வெளியே வருவதில்லை' என்று எழுதும்போது அந்த ஆள் மறைந்துவிடுகிறார்.

உடைக்குப் பர்தா இருக்கட்டும். வழக்கத்தை முதல்முறை 'பர்தா என்னும் இற்செறிப்பு' என்று எழுதிவிட்டால், அடுத்த வரியிலிருந்து இற்செறிப்பு என்றே தொடரலாம்.