மலேசியா என்று எழுதியிருந்தால் மலேசியாவில் பிறந்ததா?

நாலு ரோட்டுப் பக்கம் மூடப்பட்ட ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சல்லிசாகத் தூக்கி வந்துவிட்டான் என் மச்சினன். ஃபேனைக் கழற்றினால், அடியில் சூட்டைக் கடத்தத் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி அப்பிக் கிடந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைக்கத் துடைக்க, கேரம் காய் அகலத்தில் சதுரமாக ஒரு உலோக மூடி தெரிந்தது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் சிப்பின் மூடி. அதில் லேசரால் பொறித்த எழுத்துகள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பளிச்சென்று எழுந்து வரும்.

முதல் வரியில் இன்டெல், வட்டத்துக்குள் எம், இன்னொரு வட்டத்துக்குள் சி, '06, இ8400. அடுத்து கோர் 2 டுவோ. அதன் கீழே எஸ்எல்பி9ஜே, மலாய். பிறகு 3.00 கிகாஹெர்ட்ஸ்/6எம்/1333/06. கடைசியில் எல்840 என்று தொடங்கும் ஒரு எண், பக்கத்தில் வட்டத்துக்குள் இ4.

"போச்சு மாமா, 2006 மாடல். அதுவும் மலேசியாவுல செஞ்சதாம்" என்றான்.

இரண்டிலும் தடுக்கி விழுந்திருந்தான். பாவம், பலரும் விழுகிற இடம்தான்.

முதலில் ஆண்டு. '06 என்பது காப்பிரைட் ஆண்டு. வட்டத்துக்குள் இருக்கும் எம், சிப்பின் உள்வரைபடத்துக்கான உரிமையைக் குறிக்கிறது. இதற்கென்றே அமெரிக்காவில் 1984-ல் தனிச் சட்டம் போட்டார்கள். இ8400 விற்பனைக்கு வந்ததே 2008 ஜனவரியில். அப்படியிருக்க, இந்தத் துண்டு 2006-ல் எப்படிப் பிறந்திருக்கும்?

பிறந்த நாள் கடைசி வரியில் இருக்கிறது. எல்840-ல் 'எல்' என்பது மலேசிய ஆலை. 8 ஆண்டின் கடைசி இலக்கம். 40 அந்த ஆண்டின் வாரம். அதாவது 2008 அக்டோபர் முதல் வாரம் வாக்கில். வெறும் 8-ஐ வைத்து 1998-ஆ, 2018-ஆ என்று குழம்ப வேண்டாம். மாடல் பெயரே அதைத் தீர்த்துவிடும். எல் இருக்கும் இடத்தில் 3 இருந்தால் கோஸ்டா ரிகா, எக்ஸ் இருந்தால் வியட்நாம்.

எஸ்எல்பி9ஜே என்பது எந்தத் திருத்தப் பதிப்பு என்று சொல்லும் குறி. இதே இ8400 முதலில் எஸ்எல்ஏபிஎல் என்ற குறியோடு வந்தது. பழைய மதர்போர்டில் புதிய திருத்தத்தைச் செருகினால், போர்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸை அப்டேட் செய்யாதவரை சில போர்டுகள் அதை ஒழுங்காக அடையாளம் காணாது. செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்கள் வேகத்தை மட்டும் பார்க்காமல் இந்த ஐந்து எழுத்தையும் பார்ப்பது அதனால்தான். அடுத்த வரி சுலபம்: வேகம், 6 எம்பி கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்), 1333 மெகாஹெர்ட்ஸ் பஸ் (தகவல் போய்வரும் பாதை). இ4 என்றால் ஈயம் கலக்காதது, தொடுபுள்ளிகளில் தங்கம் போன்ற விலையுயர்ந்த உலோகப் பூச்சு. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசில் முத்திரை பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது புதிதல்ல.

சரி, மலேசியா?

சேலம் உருக்காலையில் நாணயத்துக்கான வில்லைகளை வெட்டுகிறார்கள். எழுத்தும் சிங்கமும் இல்லாத வெறும் வட்டுகள். அவை வேறு ஊர் நாணயச்சாலைக்குப் போய் அச்சாகின்றன. ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைரம் இருந்தால் மும்பை. வில்லை சேலத்தில் வெட்டியதாகவே இருந்தாலும் சேலத்துக்கு அதில் ஒரு புள்ளி கூடக் கிடையாது.

பிராசசரின் கதையும் அதுதான். சிலிக்கான் தட்டில் டிரான்சிஸ்டர்களை உருவாக்குவது ஓர் ஆலை. தட்டை அறுத்துத் துண்டாக்கி, பச்சைப் பலகையில் பொருத்தி, மூடி போட்டு, சோதித்து அனுப்புவது இன்னோர் ஆலை. இன்டெல் மூடியில் இருக்கும் நாட்டின் பெயர் இரண்டாவது ஆலையுடையது. மலேசியாவின் பினாங்கில் 1972-லிருந்தே இன்டெல் இந்த வேலையைச் செய்கிறது. இ8400-க்கான 45 நானோமீட்டர் சிலிக்கானை உருவாக்கிய ஆலைகளோ அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் இருந்தன. மூடியைப் போட்ட ஊர் பெயர் வாங்கிக்கொண்டது.

இந்த விஷயத்தில் இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி கொஞ்சம் நேர்மை என்பேன். 2019-ல் வந்த அதன் ரைசன் 3000 வரிசை பிராசசர்கள் பலவற்றின் மூடியில் மூன்று நாடுகள்: 'டிஃப்யூஸ்டு இன் யுஎஸ்ஏ', 'டிஃப்யூஸ்டு இன் தைவான்', 'மேட் இன் சைனா'. டிஃப்யூஷன் என்பது சிலிக்கானுக்குள் வேற்று அணுக்களை ஊடுருவ விடும் பழைய முறை. அந்தப் பெயரே சிலிக்கான் பிறந்த இடத்தைக் குறிக்கும் சொல்லாக நின்றுவிட்டது. அமெரிக்கா என்பது உள்ளீடு வெளியீடுகளைப் பார்க்கும் துண்டு, தைவான் என்பது கணக்குப் போடும் துண்டு. இரண்டையும் ஒரே பலகையில் சேர்த்து மூடியது சீனா. அதில் தேதியும் தெளிவாக இருக்கும். 1935 என்றால் 2019-ன் 35-ஆவது வாரம்.

எழுத்தை மட்டும் நம்பியும் வாங்கக் கூடாது. 1990-களில் குறைந்த வேகச் சிப்பின் எழுத்தைச் சுரண்டிவிட்டு அதிக வேகம் என்று பொறித்து விற்றவர்கள் உண்டு. மூடியைச் சுரண்டலாம், உள்ளே இருப்பதைச் சுரண்ட முடியாது. கம்ப்யூட்டரை ஆன் செய்து சிபியு-இசட் போன்ற மென்பொருளை ஓட்டினால், சிப் தன் மாடலையும் திருத்தத்தையும் தானே சொல்லிவிடும். மூடியும் அதுவும் ஒத்துப்போக வேண்டும்.

எங்களுடையது ஒத்துப்போனது. அப்புறம் ஞாபகம் வந்து, புது பேஸ்ட் தடவுவதற்கு முன்னால் மூடியை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான் மச்சினன். ஃபேனை மாட்டிவிட்டால் மறுபடி அந்த எழுத்தைப் பார்க்க எத்தனை வருஷம் ஆகுமோ.