இனஃப், அடிக்வேட், அசெட்: ‘போதும்’ என்ற பொருளைச் சுற்றிய சொற்கள்

இனஃப், சஃபிஷியன்ட், அடிக்வேட். மூன்றையும் நாம் ‘போதுமான’ என்றே மொழிபெயர்த்துவிடுகிறோம். முதல் இரண்டுக்கும் அது பொருந்தும். அடிக்வேட்டுக்குப் பல இடங்களில் பொருந்தாது.

இனஃப் ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ஜெர்மனின் ‘கெனூக்’ இதற்கு உடன்பிறப்பு. வேர்ப்பொருள் எட்டுதல், சென்றடைதல். தேவையை எட்டிவிட்டால் போதும், அவ்வளவுதான். தமிழிலும் இப்படி நடந்திருக்கிறது: பிடித்தல் என்ற பொருளுள்ள ‘பற்று’ போதுமாதலையும் குறிக்கும். பேச்சில் ‘பத்தாது’ என்பதும், செய்தித்தாளில் வரும் ‘பற்றாக்குறை’யும் அதன் வழி வந்தவை. ஈழத்தமிழர் போதும், போதாது என்பதற்குக் ‘காணும்’, ‘காணாது’ என்பார்கள். அருமையான வழக்கு. இனஃப்பின் எழுத்துக்கூட்டில் கடைசியில் நிற்கும் இரண்டு எழுத்துகள் ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து ஒலித்தன. பிறகு ஒலி ‘ஃப்’ ஆனது, எழுத்து மட்டும் மாறவில்லை. ரஃப், காஃப் கதையும் இதுதான்.

சஃபிஷியன்ட் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘போதிய ஆதாரம் இல்லை’ என்பதில் வரும் ‘போதிய’ இதற்குக் கச்சிதம். பிளென்டிக்கு லத்தீன் மூலம் ‘நிறைந்த’. நம் ‘நிறைய’ அப்படியே பொருந்துகிறது.

அடிக்வேட் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஈக்வல் என்ற சொல்லுக்கு உறவு, ஆகவே அடிப்படைப் பொருள் ‘சமமாக்கப்பட்டது’. ஒன்றுக்கு அடிக்வேட்டான மாற்று என்றால் ‘ஈடான மாற்று’ என்பதே சரி. இழப்பீடு என்று வரும்போது ‘தகுந்த’ நன்றாக இருக்கும். ஆனால் ஒருவருடைய வேலையை அடிக்வேட் என்று இன்று சொன்னால் அது பாராட்டு அல்ல. அங்கே ‘பரவாயில்லை’ என்று எழுதுங்கள்.

லத்தீனில் ‘போதும்’ என்பதற்கு ‘சாட்டிஸ்’. சாட்டிஸ்ஃபை அதிலிருந்து வந்தது. வருத்தத்தைக் குறிக்கும் ‘சேட்’ அதற்குத் தூரத்து உறவு! பழைய ஆங்கிலத்தில் ‘சேட்’ என்பதற்குத் ‘திகட்டும் அளவு நிறைந்த’ என்று பொருள். பிறகு கனமான, இறுக்கமான என்று நகர்ந்து துயரத்தில் வந்து நின்றது. ஜெர்மனில் ‘ஸாட்’ இன்றும் வயிறு நிறைந்ததைத்தான் குறிக்கிறது.

அசெட்டும் இந்தக் குடும்பம்தான். இங்கிலாந்து நீதிமன்றங்களில் புழங்கிய பிரெஞ்சில் ‘அசெட்ஸ்’ என்றால் ‘போதுமான அளவு’. இறந்தவர் விட்டுச்சென்றது அவர் கடனை அடைக்கப் போதுமா என்பதுதான் கேள்வி. அடைக்க உதவும் உடைமைக்கே பிறகு அது பெயரானது. கடைசி ‘ஸ்’ பன்மை விகுதி அல்ல. அப்படி நினைத்து அதை வெட்டியதால்தான் ‘அசெட்’ என்ற ஒருமை 19ஆம் நூற்றாண்டில் வந்தது. கணக்கியலில் இதைச் ‘சொத்து’ என்பதில் சிக்கல் இல்லை. ‘அவர் அணிக்கு ஓர் அசெட்’ என்பதை மட்டும் ‘சொத்து’ என்று எழுத வேண்டாம். ‘அவர் அணிக்குப் பெரிய பலம்’ என்றுதான் தமிழில் சொல்வோம்.