லடாக் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இரவு தங்கும் உயரத்தை

கிருஷ்ணகிரியில் மாங்காய்ப் பருவம் ஓய்ந்து, மாங்கூழ் ஆலைகளில் வேலை குறையும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில்தான் லடாக் புறப்படும் குடும்பங்கள் என்னிடம் அதிகமாக வருகின்றன. பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். வாழ்நாள் முழுவதும் உழைத்துவிட்டு, ஒருமுறையாவது யாருமற்ற மலைவெளியைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள். அந்த ஆசையைத் தடுக்க எனக்கு மனம் வருவதில்லை. திட்டத்தை மட்டும் திருத்திக் கொடுக்கிறேன்.

சென்ற ஆண்டு வந்த ஒரு வியாபாரிக்கு 58 வயது, பல வருடச் சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். அவர் மேசைமேல் வைத்த பயணத் திட்டம் வழவழப்பான தாளில் அச்சாகியிருந்தது. மெத்தைக் கட்டிலும் ஹீட்டரும் வெந்நீரும் உள்ள கூடாரம், தனிக் கார், தென்னிந்தியச் சமையல்காரர் என எல்லாம் அதில் இருந்தன. “எல்லாமே சொகுசுதாங்க டாக்டர், உடம்புக்கு ஒரு சிரமமும் இருக்காது” என்றார். நான் நீலப் பேனாவை எடுத்து ஒவ்வோர் இரவுக்கும் பக்கத்தில் அந்த இடத்தின் உயரத்தை எழுதினேன். முதல் இரவு லடாக்கின் முக்கிய நகரமான லே, சுமார் 3,500 மீட்டர். இரண்டாம் இரவே பாங்காங் ஏரிக்கரை, 4,200 மீட்டருக்கு மேல்.

நம் கிருஷ்ணகிரி நகரம் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். தில்லியில் விமானம் ஏறுகிறவர் ஒன்றரை மணி நேரத்துக்குள் தொட்டபெட்டாவைவிடவும் உயரமான விமான நிலையத்தில் இறங்கிவிடுகிறார். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கும் 21 சதவீதம்தான் என்றாலும், காற்றழுத்தம் குறைந்துவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் லேயில் கடல்மட்டத்தைப் போல மூன்றில் இரண்டு பங்காகவும், 5,359 மீட்டர் உயரமுள்ள கார்துங் லா கணவாயில் பாதியாகவும் சுருங்கிவிடுகிறது. இதை ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சுவிடுகிறது. அதனால் மாறும் ரத்தத்தின் அமில, காரச் சமநிலையைச் சிறுநீரகங்கள் சரிசெய்ய இரண்டு, மூன்று நாள் பிடிக்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த கூடாரமும் இந்த நாட்களைக் குறைத்துத் தராது.

“கோட்டை மலையை மூச்சு வாங்காமல் ஏறுவேன்” என்று சொல்கிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். உடல் வலிமைக்கும், உயரத்துக்குப் பழகாத உடலுக்கு வரும் உயர்மலை நோய்க்கும் தொடர்பில்லை. வலுவானவர் தலைவலியைப் பொருட்படுத்தாமல் மேலே மேலே போய்விடுகிறார். சென்று சேர்ந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை ஆகியவை வந்தால், வேறு காரணம் தெளிவாகத் தெரியாதவரை அதை உயர்மலை நோய் என்றே கொண்டு, மேற்கொண்டு ஏறாமல் அங்கேயே தங்கிவிட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். நடை தள்ளாடினால் மூளையில் வீக்கம் இருக்கலாம். இவ்விரண்டிலும் உயிருக்கு ஆபத்து உண்டு, விடியும்வரை காத்திருக்கக் கூடாது. என் அறையின் தரைக்கல் இணைப்புக் கோட்டின் மேல், குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டிவைத்துக் அந்த வியாபாரியையும் அவர் மனைவியையும் பத்தடி நடக்கச் சொன்னேன். அங்கே ஒருவர் மற்றவரை இப்படி நடக்கவைத்துப் பார்க்க வேண்டும். நேர்கோட்டிலிருந்து விலகினால் உடனே கீழே இறங்க வேண்டும்.

கீழே இறங்குவதே முதன்மையான சிகிச்சை. ஆக்சிஜன் சிலிண்டர் அதற்கான அவகாசத்தைத்தான் தருகிறது. பாங்காங்கிலிருந்து லேக்கு வரும் வழக்கமான பாதையோ 5,300 மீட்டருக்கு மேலுள்ள சாங் லா கணவாயை ஏறிக் கடந்துதான் வருகிறது. இறங்குவதற்கே முதலில் ஏற வேண்டிய இடத்தில், பழகாத உடம்போடு இரண்டாம் இரவைக் கழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே திட்டத்தை மாற்றி எழுதினோம். முதல் இரண்டு இரவுகள் லேயில், முதல் நாள் முழு ஓய்வோடு. நம் ஊர்க்காரர்கள் நள்ளிரவில் காரில் பெங்களூரு விமான நிலையம் போய், தில்லியில் விமானம் மாறி, ஒரு பொட்டுத் தூக்கமின்றி லேயில் இறங்குகிறார்கள். எனவே தில்லியில் ஓர் இரவு தங்கித் தூங்கிவிட்டுப் போகச் சொன்னேன். அடுத்து நுப்ரா பள்ளத்தாக்கு. கார்துங் லாவைக் கடந்தாலும், நுப்ராவில் தங்கும் ஊர்கள் லேயைவிடத் தாழ்வானவை. பாங்காங் கடைசியில், ஒரே இரவு. பத்து நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்கு, ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாகச் சாலையில் போவதையே பரிந்துரைப்பேன், உடல் படிப்படியாகப் பழகும். மணாலிச் சாலை அப்படியல்ல. அதில் பலர் இரவு தங்கும் சர்ச்சு 4,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது.

அசிட்டசோலமைடு மாத்திரை, அதாவது கடைகளில் டயமாக்ஸ் என்று கிடைப்பது, உடல் பழகுவதை விரைவுபடுத்தும். ஆனால் சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. முதல் நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் முன்பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இன்சுலின் உறைந்தால் பயன்படாது. பகலிலும் இரவிலும் அதை உடம்போடு ஒட்டிய உள்சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். குளிரில் சர்க்கரை அளக்கும் கருவி தவறாகக் காட்டும். விரல் சில்லிட்டிருந்தால் ஆக்சிஜன் அளக்கும் கருவியும் தவறாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு அளக்க வேண்டும்.

முன்பதிவு செய்யுமுன் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை: ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டரில் தங்குகிறோம்? நள்ளிரவில் ஒருவரை இறக்க வேண்டுமானால் வண்டியும் ஓட்டுநரும் அங்கேயே இருப்பார்களா? காப்பீடு அந்த உயரத்துக்கும் மீட்பு விமானத்துக்கும் பொருந்துமா? நம் ஊரில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் லடாக்கில் இயங்காது. குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்க வேண்டும். லேயிலிருந்து கிளம்பும் விமானங்கள் வானிலையால் ரத்தாவது உண்டு. திரும்பும் நாளுக்குப் பின் ஒரு நாளைக் காலியாக விட்டு, அதற்கும் சேர்த்தே மாத்திரைகளையும் இன்சுலினையும் எடுத்துச் செல்லுங்கள்.