பெட் ஸ்கர்ட்: பாவாடையா, தொங்கலா?

மெத்தைக்குக் கீழிருந்து தரைவரை இறங்கி, கட்டிலடியைச் சுற்றி மறைக்கும் துணிதான் பெட் ஸ்கர்ட். அமெரிக்கக் கட்டில்கள் பலவற்றில் மெத்தைக்கு அடியில் பாக்ஸ் ஸ்பிரிங் என்று துணி போர்த்திய பெட்டி ஒன்று இருக்கும். அதையும் இரும்புக் கால்களையும் மறைப்பது இதன் முதல் வேலை. தூசியைத் தடுப்பதால் டஸ்ட் ரஃபிள் என்றும் சொல்வார்கள். பிரிட்டனில் இதற்குப் பெயர் வேலன்ஸ். ஆனால் அமெரிக்காவில் வேலன்ஸ் என்றால் ஜன்னலின் மேல்பக்கம் தொங்கும் குட்டைத் துணி. இணையத்தில் பெயரை மட்டும் நம்பி வாங்கினால் ஜன்னல் துணி வந்து சேரலாம்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கட்டில் பாவாடை’. அது பொருந்துமா என்று அறிய ஸ்கர்ட்டின் வேருக்குப் போக வேண்டும். பழைய நார்ஸ் மொழியில் ஸ்கிர்த்தா என்றால் சட்டை; ஆங்கிலத்தின் ஷர்ட்டும் அதே வேர்க்குடும்பம். ஆங்கிலத்துக்கு வந்தபின் ஆடையின் கீழ்ப்பகுதிக்குப் பெயராகி, பிறகு எந்தப் பொருளின் கீழோரத்துக்கும் ஆகிவந்தது. டைல்ஸ் ஒட்டுபவர்கள் சுவரடிப் பட்டையை ஸ்கர்ட்டிங் என்பது இந்தப் பொருளில்தான். வேலன்ஸுக்கு, கீழிறங்குதல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சு வினையை மூலமாகக் காட்டுவார்கள்.

பாவாடைக்கோ வேறு வரலாறு. பாவு, ஆடை: பாவுதல் என்றால் பரப்புதல். பெரியோர் நடக்க நிலத்தில் விரித்த துணியும், கோயிலில் அன்னம் படைக்கப் பரப்பிய துணியும் பாவாடைதான். இந்தப் பழம்பொருளில் பார்த்தால், பெட் ஸ்கர்ட்டில் மெத்தைக்கு அடியில் விரிந்து கிடக்கும் தளத்துணிதான் பாவாடை. கண்ணுக்குத் தெரியும் பகுதி அல்ல. இறங்கித் தொங்குவதற்குத் தமிழில் தொங்கல் என்ற நல்ல சொல் இருக்கிறது. ‘வேலை தொங்கலில் நிற்கிறது’ என்ற பேச்சுவழக்கு குழப்பாது. முன்னால் கட்டில் வந்துவிட்டால் பொருள் தெளிவு. ஆகவே கட்டில் தொங்கல்.

இந்தச் சொல்லை நாங்கள் வலியுறுத்த இன்னொரு காரணம் உண்டு. வாங்கும்போது தவறுவது பெரும்பாலும் நீள அகலத்தில் அல்ல, தொங்கலின் உயரத்தில்தான். மெத்தை எவ்வளவு தடிமன் என்பது இதற்குத் தேவையே இல்லை. மெத்தையைத் தூக்கி, அது உட்காரும் பரப்பின் ஓரத்திலிருந்து தரைவரை அளக்க வேண்டும். தரை சமமாக இருக்காது. இரு பக்கமும் கால்மாட்டிலும் அளந்து, குறைந்த அளவில் அரை அங்குலம் கழியுங்கள். தரையில் புரண்டால் ஓரம் அழுக்கேறும், துடைப்பத்தில் மாட்டும். 2 அங்குலம் தூக்கி நின்றாலோ மறைப்பு என்ற பயனே போய்விடும். ஆயத்தமாக விற்பவை பெரும்பாலும் 14, 15, 18 அங்குலத் தொங்கலில் வருகின்றன.

தைப்பதானால் 60க்கு 78 அங்குலக் கட்டிலுக்குக் கணக்கு இது. தலைமாடு சுவரோடு ஒட்டுவதால் விட்டுவிடலாம். மீதி மூன்று பக்கம் 216 அங்குலம். சுருக்கு வைக்க இரண்டு மடங்கு, 432. தொங்கல் 14 என்றால் கீழ்மடிப்புக்கு ஒன்றரை, மேல்தையலுக்கு அரை சேர்த்துப் பட்டையின் உயரம் 16. 44 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள துணியில் குறுக்கே 10 பட்டைகள்; ஏறக்குறைய 4.1 மீட்டர். பருத்தி சுருங்கும் என்பதால் நாலரை மீட்டர் வாங்கி, நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே அரை அங்குலம் ஏறிவிடக்கூடும். தளத்துணிக்குப் பழைய பருத்தி விரிப்பே போதும். கட்டிலுக்குக் கால்மாட்டுத் தூண் இருந்தால் அந்த மூலைகளில் பட்டையை இணைக்காமல் பிளவாக விட வேண்டும்.

நம் ஊர்க் கட்டில்களில் ஒரு சிக்கல் வரும். பலவற்றில் மெத்தை பிளைவுட்டின் மேல், சட்டத்துக்குள் ஓரிரு அங்குலம் இறங்கி உட்காரும். தளத்துணியோடு தைத்த தொங்கல் அந்தச் சட்டத்தின் மேல் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் மெத்தையோரத்தில் புடைக்கும், உயரமும் குறையும். இத்தகைய கட்டிலுக்குத் தளத்துணி வேண்டாம். சட்டத்தின் வெளிமுகத்தில் வெல்க்ரோவின் சொரசொரப்பான பாதியை ஒட்டி, மென்பாதியைப் பட்டையின் மேலோரத்தில் தைத்துவிடுங்கள். மெத்தையைத் தூக்காமலே கழற்றித் துவைக்கலாம். அளவையும் அப்போது அந்த வெல்க்ரோவிலிருந்தே எடுக்க வேண்டும்.

தளத்துணி உள்ளவற்றில் வரும் தொல்லை வழுக்கல். படுக்கை விரிப்பை இழுத்துச் செருகும்போதெல்லாம் தளத்துணியும் நகர்ந்து, ஒரு பக்கம் தரையில் புரளும், மறுபக்கம் தூக்கும். சாட்டின் போன்ற வழவழப்பான துணியைத் தவிர்த்து, நான்கு மூலையிலும் நாடா தைத்துச் சட்டத்தோடு கட்டிவிட்டால் நகராது. பாக்ஸ் ஸ்பிரிங்குக்கென்று விற்கும் திருகு ஊசிகள் பிளைவுட்டில் இறங்காது.

அடிவரை பலகை அடைத்த பெட்டிக் கட்டிலுக்கு இது தேவையில்லை. தையற்காரரிடம் கொடுக்கும்போது ‘தொங்கல் 14, மூன்று பக்கம், தலைமாடு திறப்பு’ என்று எழுதிக் கொடுங்கள்.