மோதி உடைந்த மாதிரிப் பந்தயப் படகு: ஒட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சென்ற ஆண்டு ஒரு கல்லூரி மாணவர், 90 சென்டிமீட்டர் நீளமுள்ள தமது ரேடியோ கட்டுப்பாட்டுப் பந்தயப் படகைப் பழைய போர்வையில் சுற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கருங்கல் பாவிய ஏரிக்கரைச் சரிவில் முழு வேகத்தில் மோதிய படகு அது. அணியத்தில் (முன்முனையில்) 7 சென்டிமீட்டர் விரிசல் விழுந்ததாகவும், கடையில் கிடைக்கும் எபாக்சி மாவைப் பிசைந்து அன்றே அதை அடைத்துவிட்டதாகவும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டியபோது படகு ஒரு பக்கமாகவே இழுத்து, மூன்றாவது சுற்றில் தண்ணீர் புகுந்து கவிழ்ந்ததாகவும் சொன்னார். மூடியைக் கழற்றி விளக்கு வைத்துப் பார்த்தேன். அணியத்து விரிசலைவிடப் பெரிய சேதம் அமரத்தின் (பின்முனையின்) பக்கம் இருந்தது. மோட்டார் பொருத்திய பலகையின் இடப்பக்கப் பசை முழுவதும் விட்டுப்போய், துடுப்பைச் (தண்ணீரில் சுழன்று படகை உந்தும் புரொப்பல்லரைச்) சுழற்றும் தண்டின் குழாய் ஒரு நூலளவு சாய்ந்திருந்தது.

இதில் வியப்பு எதுவும் இல்லை. கல்லில் மோதியவுடன் படகின் ஓடு, அதாவது வெளி உடல், நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் கனமான மோட்டாரும் பேட்டரியும் நிற்பதில்லை, அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்ந்து, தம்மைப் பிடித்திருக்கும் இடங்களைப் பிய்க்கின்றன. ஆகவே அணியத்தில் அடிபட்ட படகை அமரத்திலிருந்து பார்க்கத் தொடங்குவதே என் வழக்கம்.

2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கரையோரம் ஃபைபர் படகுகள் பெருகிய காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். மீன்பிடிப் படகில் பழகிய கையோடு மாதிரிப் படகையும் தொட்டதால், தொடக்கத்தில் வந்த இரண்டு மூன்று படகுகளை நானே கெடுத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் பேட்டரி. இந்தப் படகுகளில் இருப்பவை பெரும்பாலும் லித்தியம் பாலிமர் பேட்டரிகள். ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட் என்று குறித்திருந்தாலும், முழுதாக ஏற்றிய செல்லில் 4.2 வோல்ட் இருக்கும். மோதலில் நசுங்கிய, உப்பிய அல்லது தண்ணீரில் ஊறிய பேட்டரி உடனே தீப்பிடிக்காமல் சில மணி நேரம் கழித்துப் பிடிப்பதும் உண்டு. கரைக்கு வந்ததும் அதைக் கழற்றி, வீட்டுக்குள் கொண்டுபோகாமல், திறந்த வெளியில் மணல் மீது வையுங்கள். அசிட்டோனும் ரெசினும் (இழைகளைப் பிணைத்து இறுகும் பிசின்) இருக்கும் மேசைக்கு அருகில் அதற்கு இடமே இல்லை. "ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பார்ப்போம்" என்பது மிக ஆபத்தான யோசனை. அதைவிட ஆபத்தான மற்றொன்று, நடு ஏரியில் நின்றுபோன படகை எடுக்க நீந்திப் போவது. ஏரிச் சேற்றிலும் பாசியிலும் நல்ல நீச்சல்காரர்களே சிக்கிக்கொள்கிறார்கள். தூண்டில் நரம்பின் முனையில் மிதக்கும் பந்தொன்றைக் கட்டி, படகுக்கு அப்பால் வீசி இழுத்தால் பெரும்பாலும் கரைக்கு வந்துவிடும்.

அடுத்தது ஈரம். கண்ணாடியிழை அடுக்குகள் பிளந்த இடத்தில் புகுந்த தண்ணீர், மேற்பரப்பு காய்ந்த பிறகும் உள்ளே தங்கியிருக்கும். அதன் மேல் வைக்கும் ரெசின் பிடிக்காது. காய்ந்துவிட்டது என்பதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது, தராசுதான் சொல்லும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஓட்டின் எடையைப் பார்த்துக் குறித்து வந்தால், எடை குறைவது நின்ற நாளில் வேலையைத் தொடங்கலாம். காத்திருக்கும் நாட்களில் ஒரு ரூபாய் நாணயத்தால் ஓட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும்; அடுக்கு பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். மந்தமாக ஒலிக்கும் எல்லையைப் பென்சிலால் வரைந்தால், கண்ணுக்குத் தெரிந்த விரிசலைப் போல இரண்டு மூன்று மடங்கு பரப்பு வருவது வழக்கம்.

ஓடு எதனால் ஆனது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உட்புறத்தில் துணி நெசவு தெரிந்தால் கண்ணாடியிழை அல்லது கார்பன். தெரியாவிட்டால், கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டு அசிட்டோன் வையுங்கள். பரப்பு இளகிப் பிசுபிசுத்தால் அது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். அந்த வகை ஓட்டில் விரிசலின் இரு நுனிகளிலும் இரண்டு மில்லிமீட்டர் துளையிட்டு விரிசல் மேலும் ஓடாமல் நிறுத்தி, ஏ.பி.எஸ். துண்டுகளை அசிட்டோனில் கரைத்த குழம்பால் ஒட்டி, உட்புறத்தில் அதே பிளாஸ்டிக் பட்டையொன்றை ஒட்டினால் போதும். இனி சொல்வதெல்லாம் கண்ணாடியிழை ஓட்டுக்கானது.

நான் படகுகளைக் கெடுத்தது இங்கேதான். மீன்பிடிப் படகில் துளை விழுந்தால் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை (நெய்யாமல் பசையால் பிடித்த கண்ணாடியிழை விரிப்பு) இரண்டு அடுக்கு வைத்து, பாலியெஸ்டர் ரெசினால் ஊறவைத்து முடித்துவிடுவோம். அங்கே எடை ஒரு பொருட்டே அல்ல. அதே கையோடு மாதிரிப் படகின் அணியத்தில் 10 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் அளவில் இரண்டு அடுக்கு மேட் வைத்தால், ரெசினோடு சேர்ந்து சுமார் 60 கிராம் ஏறும். இரண்டரைக் கிலோ படகில் 60 கிராம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். சமன்புள்ளி பின்பலகையிலிருந்து 27 சென்டிமீட்டரில் இருக்கும் படகுக்கு, 80 சென்டிமீட்டரில் அந்த 60 கிராம் சேர்ந்தால், சமன்புள்ளி ஒரு சென்டிமீட்டருக்கும் மேலாக முன்னால் நகர்ந்துவிடும். மூக்கு கனத்து, தண்ணீரின் மேல் எழும்பிச் செல்ல வேண்டிய படகு தண்ணீரை உழுதுகொண்டு போகும். திருப்பத்தில் அணியம் பிடித்துக்கொண்டு சுழலும். சதுர மீட்டருக்கு 160 கிராம் கண்ணாடியிழை நெசவுத் துணியை மூன்று அடுக்காக எபாக்சியோடு வைத்தால் அதே பரப்புக்கு 20 கிராமே ஆகும், உறுதியும் குறையாது.

எபாக்சி என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. பாலியெஸ்டர் ஓட்டின் மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும். எபாக்சி ஓட்டின் மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிப்பதில்லை, சில நேரம் ஒட்டும் முகத்தில் இறுகாமலேயே நின்றுவிடும். படகு எதனால் வார்க்கப்பட்டது என்று தெரியாதபோது எபாக்சியே தவறில்லாத வழி. மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரின் என்ற கரைப்பானில் கரையும்படி செய்யப்பட்டது. எபாக்சியில் அது கரையாததால் மேட் விறைத்தே கிடக்கும், ஆகவே எபாக்சிக்குத் துணிதான். இன்னொன்று: கவிழ்ந்தாலும் மூழ்காமலிருக்க அணியத்துக்குள் தெர்மாகோல் அடைத்திருப்பார்கள். அதன் அருகில் பாலியெஸ்டரை ஊற்றினால் ஸ்டைரின் அதைச் சர்க்கரைபோல் கரைத்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. படகு அடுத்த முறை கவிழும்போது நேராக அடிக்குப் போகும்.

வேலையை உட்புறத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் அசிட்டோனால் துடைத்து, அதன் பிறகே 80 எண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வரிசையை மாற்றினால், பரப்பில் ஒட்டியிருக்கும் மெழுகையும் எண்ணெயையும் கீறல்களுக்குள் நாமே தேய்த்து ஏற்றியவர்கள் ஆவோம். உடைந்த விளிம்பைச் சுற்றி, ஓட்டின் தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாக இழைக்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டுக்கு இது 18 மில்லிமீட்டர். துணியைப் பெரிதும் சிறிதுமாக அந்தச் சரிவில் அடுக்கினால், புதிய பகுதியும் பழைய பகுதியும் ஒரே தடிமனில் கலந்துவிடும்.

ரெசினையும் அதை இறுகச் செய்யும் ஹார்ட்னரையும் கண்மதிப்பில் கலப்பது நான் அதிகம் பார்க்கும் தவறு. நம் கடைகளில் கிடைக்கும் எபாக்சி வகைகளில் பத்துக்கு ஒன்று என்ற எடை விகிதம் பரவலானது. 20 கிராம் ரெசினுக்கு இரண்டு கிராம் ஹார்ட்னர் என்னும்போது அரை கிராம் பிசகினாலே கால் பங்கு பிசகிவிடுகிறது. 0.1 கிராம் வரை காட்டும் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டுவதால் இறுக்கம் வராது, மிஞ்சிய ஹார்ட்னர் மென்மையாகவே உள்ளே கிடக்கும். கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில், இறுகிய எபாக்சியின் மேல் பிசுபிசுப்பான ஒரு படலம் படிவதுண்டு. அதை வெறும் தண்ணீரால் கழுவித் தேய்த்த பிறகே அடுத்த அடுக்கை வைக்க வேண்டும்.

அடிப்பகுதியின் வடிவத்தைப் பளபளப்புக்காகப் பலி கொடுக்காதீர்கள். பட்டி பூசித் தேய்க்கும்போது, பின்பலகையோடு அடிப்பகுதி சேரும் விளிம்பை அழகுக்காக உருட்டிவிடுகிறார்கள். அந்த விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருந்தால்தான் தண்ணீர் ஓட்டை விட்டுச் சட்டென்று பிரியும். அடிப்பகுதியின் பின்பாதியில் நேர்கோல் வைத்துப் பாருங்கள்: குழிவு இருந்தால் மூக்கு அமுங்கும், புடைப்பு இருந்தால் படகு குதித்துக் குதித்து ஓடும்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலை பெரும்பாலும் வீட்டு மேசையில்தான் நடக்கிறது. எபாக்சி ஹார்ட்னர் தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமையாக மாறும். மாறிய பிறகு சிறு துளி பட்டாலும் கை தடித்துவிடும். கையைச் சோப்பால் கழுவுங்கள். அசிட்டோனால் கழுவினால் அது ரெசினைக் கரைத்துத் தோலுக்குள்ளேயே கொண்டுசெல்லும். பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரினை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதத்தக்க 2ஏ பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் சேர்த்தது. பாலியெஸ்டருக்குரிய ஹார்ட்னர் பார்வைக்குத் தண்ணீர்போல் இருக்கும். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையே போகலாம். அதைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் இன்றும் இருக்கிறது, வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அந்த ஹார்ட்னரையும், பாலியெஸ்டரைச் சீக்கிரம் இறுகச் செய்யச் சேர்க்கும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாகக் கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். தேய்க்கும்போது என்95 முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தொட்டே தேய்த்தால் தூசி பறக்காது.

பலருக்கும் தெரியாத ஆபத்து துடுப்பில் இருக்கிறது. மோதலில் வளைந்த உலோகத் துடுப்பை அரத்தால் தேய்த்து நேராக்குவார்கள். பந்தயத் துடுப்புகளில் ஒரு வகை பெரிலியம் கலந்த செம்பால் செய்யப்படுகிறது. அதன் தூசி நுரையீரலில் தீராத நோயை உண்டாக்கும். செந்நிறமாக மின்னும் துடுப்பு என்ன உலோகம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அதை அரத்தால் தொடாதீர்கள், புதிது வாங்குங்கள்.

அந்த மாணவரின் படகில் பழைய மாவைச் செதுக்கி எடுத்ததிலேயே 41 கிராம் குறைந்தது. மோட்டார் பலகையைப் புதிதாக ஒட்டி, தண்டின் குழாயை நேராக்கி, அணியத்துக்கு மூன்று அடுக்குத் துணி வைத்தேன். ஒரு வாரம் கழித்து உள்ளே தண்ணீர் ஊற்றி, வெளியே கசிகிறதா என்று அரை மணி நேரம் பார்த்தோம். பிறகு படகைக் கையில் பிடித்துக்கொண்டு, மோட்டார் மெதுவாக ஓடும்போது ரிமோட்டை அணைக்கச் சொன்னேன். சமிக்ஞை அறுந்தால் நிற்க வேண்டிய மோட்டார் நிற்காமல் சுற்றியது. கரையில் அது மோதியதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம். ரிசீவரில் அந்த அமைப்பைச் சரிசெய்து மூன்று முறை சோதித்த பிறகே படகைக் கொடுத்தேன். உலர்ந்த ஓட்டின் எடையையும் தேதியையும் மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். உள்ளே எங்காவது ஈரம் புகுந்தால் அடுத்த முறை அவர் வீட்டுத் தராசிலேயே தெரிந்துகொள்ளலாம்.