ஏழு கறியும் மூன்று அடுப்பும்

தைப்பூசத்தன்று காவடி இறங்கிய பிறகு மொரீஷியஸ் தமிழர் வீட்டு வாழையிலையில் ஏழு கறி விழும். பலாக்காய், வாழைக்காய், பூசணி, கீரை என்று வகை வீட்டுக்கு வீடு மாறும். தீவின் பேச்சுமொழியான கிரியோலின் நாக்கில் ‘ரசோன்’ ஆகிவிட்ட நம் ரசமும், பாயசமும் பெரும்பாலும் கூடவே வரும். குவாத்ர் போர்ன் நகரில் என் அத்தை இத்தனையையும் மூன்று அடுப்பில், தனியாளாகச் சமைத்துவிடுவார். “ஒரே நேரத்தில் ஏழு வேலை பார்க்கிறாரே” என்று வீடே வியக்கும். சென்ற தைப்பூசத்தில் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கவனித்த பிறகு எனக்கு அந்த வியப்பு போய்விட்டது. வேறொரு வியப்பு வந்தது.

அவர் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கிறார். பருப்பை வேகவைப்பது நெருப்பு, அத்தை அல்ல. புளியை ஊறவைப்பது வெந்நீர். கடுகு தாளிக்கும் அரை நிமிடம் மட்டும் அவருடையது. அப்போது யார் கூப்பிட்டாலும் பதில் வராது. எண்ணெய், கடுகு, மூடி. வெடிப்பு அடங்கியதும் கறிவேப்பிலை. அதன் பிறகே திரும்பி, “என்ன கேட்டாய்?”

அந்த மௌனத்துக்கு உளவியலில் காரணம் இருக்கிறது. பதில் தேவைப்படும் இரண்டு சமிக்ஞைகள் அடுத்தடுத்து வந்தால், இரண்டாவதற்கான பதில் தாமதமாகிறது. மூளையில் ஒரு குறுகிய வாசல் இருப்பதே காரணம் என்று ஆலன் வெல்ஃபோர்ட் 1952இல் விளக்கினார். கண்ணும் காதும் சேர்ந்தே வாங்கிக்கொள்ளும். கைகால்கள் சேர்ந்தே இயங்கும். ‘இதற்கு என்ன செய்வது’ என்று தீர்மானிக்கும் நடுக்கட்டத்தில்தான் ஒவ்வொன்றாக நுழைய வேண்டியிருக்கிறது. பேசிக்கொண்டே நடக்க முடிவது, நடைக்குப் பெரிதாகத் தீர்மானம் தேவைப்படாததால்தான்.

சரி, மாறி மாறிச் செய்தால்? அதற்கும் கூலி உண்டு. ஆர்தர் ஜெர்சில்ட் 1927லேயே அதை அளந்தார். நீங்களே அளக்கலாம். ஒன்று முதல் பத்து வரை சொல்லுங்கள். பிறகு அ முதல் ஒ வரை, பத்து எழுத்து. இப்போது இரண்டையும் பின்னுங்கள்: ஒன்று அ, இரண்டு ஆ, மூன்று இ... எனக்குத் தனித்தனியாகச் சொல்ல எல்லாம் சேர்ந்து ஆறு விநாடி. பின்னிச் சொல்ல இருபதுக்குப் பக்கம். இடறிய இடம் ஏழு. ஏழாம் உயிரெழுத்து எ. ஆனால் ‘ஏழு’ என்று சொன்ன வாய் ஏ என்றே நின்றது. அடுத்த எட்டுக்கு வர வேண்டியது ஏ, வந்ததோ எ. சொல்லி முடித்த வேலை, அடுத்த வேலையின் காலை வாரிவிடுகிறது.

ஒவ்வொரு வேலைக்கும் மூளை ஒரு விதித்தொகுப்பை விரித்து வைக்கிறது. வேலை மாறும்போது பழையதை அடக்கிப் புதியதை விரிக்க வேண்டும். எப்போது மாறும் என்று முன்பே தெரிந்து, தயாராக அவகாசம் கொடுத்தாலும் இந்தத் தாமதம் முழுதாகப் போவதில்லை என்று ராஜர்ஸும் மான்செலும் 1995இல் காட்டினார்கள்.

இந்தத் தீவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சோதனை மிகவும் நெருக்கமானது. 1999இல் மியூட்டரும் ஆல்போர்ட்டும் இருமொழி தெரிந்தவர்களை எண்களுக்குப் பெயர் சொல்ல வைத்தார்கள், மொழியை மாற்றி மாற்றி. தெரிந்த மொழியிலிருந்து தடுமாறும் மொழிக்குப் போவதுதான் கடினம் என்று நினைப்போம். திரும்பி வருவதுதான் அதிகம் தாமதமானது! பலவீனமான மொழியைப் பேச, பலமான மொழியை அழுத்தி அடக்க வேண்டியிருக்கிறது; அந்தப் பிடியைத் தளர்த்த நேரமாகிறது என்பது அவர்கள் விளக்கம். அலுவலகக் கடிதம் ஆங்கிலத்தில், செய்தித்தாள் பிரெஞ்சில், பேச்சு கிரியோலில், அர்ச்சனை தமிழில் என்று வாழ்கிறோம். இந்தக் கட்டுரைக்கு நடுவே ஒரு தொலைபேசி வந்தது. பிறந்ததிலிருந்து பேசும் கிரியோல் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

“எனக்கு அப்படி ஆவதில்லை” என்பவர்கள் உண்டு. வாட்சனும் ஸ்ட்ரேயரும் 2010இல் 200 பேரை, வாகனம் ஓட்டும் பாவனைக் கருவியில் அமர்த்திக் கைபேசி வழியே கணக்கும் நினைவாற்றலும் சோதித்தார்கள். தடுமாறாதவர்கள் 2.5 விழுக்காடு. அந்த இரண்டரைக்குள் நாம்தான் இருக்கிறோம் என்று நம்புகிறவர்கள் அதைவிட மிக அதிகம் என்பது என் அனுமானம்.

பாதியில் விட்ட வேலை சும்மாவும் இருப்பதில்லை. அதன் மிச்சம் அடுத்த வேலையிலும் கவனத்தைத் தின்கிறது. சோஃபி லெராய் 2009இல் இதை ‘கவன எச்சம்’ என்றார். மாசிகாம்போவும் பௌமைஸ்டரும் 2011இல் கண்டது ஆறுதலானது: வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது எப்படி முடிப்பது என்று திட்டவட்டமாகத் தீர்மானித்தாலே அந்த நச்சரிப்பு பெருமளவு அடங்குகிறது.

வாசலில் ஆள் கூப்பிட்டபோது அத்தை செய்ததும் ஏறக்குறைய அதுதான். உப்புப் போடாத பலாக்காய்ச் சட்டியின் மூடி மேல் உப்பு டப்பாவை வைத்துவிட்டுப் போனார். கால் மணி நேரம் பேசினார். திரும்பி வந்ததும் ருசி பார்க்கவில்லை, யோசிக்கவில்லை, டப்பாவைத் திறந்தார். அதுவரை அவருக்காக அந்த மூடி நினைவில் வைத்திருந்தது. நான் இப்போது மேசையை விட்டு எழும் முன் பாதி வாக்கியத்தின் கீழ், அடுத்து என்ன என்று ஒரு வரி கிறுக்கிவைக்கிறேன்.

மூன்று அடுப்பும் கொதித்துக்கொண்டிருந்தபோது அத்தை தேநீரோடு உட்கார்ந்துவிட்டார். கைபேசியையும் தொடவில்லை. மாமா எட்டிப் பார்த்து, “வேலை ஒன்றும் இல்லையா?” என்றார்.

“பருப்பு வேகிறது” என்றார் அத்தை.