இலை மக்கிய பிறகு மண்ணில் எஞ்சுவது எது?

"உதிர்ந்த இலை மக்கினால் அதிலிருந்த கார்பன் எல்லாம் காற்றுக்குத்தானே போகும்? அப்புறம் மண்ணில் கார்பன் சேர்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பெரும்பகுதி காற்றுக்குத்தான் போகிறது. ஒளிச்சேர்க்கையில் மரம் சேர்த்த கார்பனை, இலையைத் தின்னும் பாக்டீரியாவும் பூஞ்சையும் மூச்சாக வெளியே விட்டுவிடுகின்றன. பள்ளியில் படித்ததுதான். ஆனாலும் உலக மண்ணின் மேல் ஒரு மீட்டரில் மட்டும் சுமார் 1,50,000 கோடி டன் கார்பன் கரிமப் பொருளாகக் கிடக்கிறது. காற்றில் இருப்பதையும் செடிகொடி மரங்களில் இருப்பதையும் கூட்டினாலும் இவ்வளவு வராது. அதில் ஒரு பகுதிக்கு வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள். தின்ன ஆள் இருந்தும் அது எப்படித் தப்பியது?

நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட விடை இது: மக்கும்போது யாராலும் செரிக்க முடியாத பெரிய, கறுத்த மூலக்கூறுகள் உருவாகின்றன, அவைதான் தங்குகின்றன. மண்ணைக் கடுமையான காரத்தில் கரைத்துப் பார்த்தபோது அப்படிப்பட்ட பொருள் கிடைத்தது உண்மை. ஆனால் காரம் படாத மண்ணை நவீனக் கருவிகளில் பார்த்தவர்களுக்கு அந்தப் பெரிய மூலக்கூறுகள் அவ்வளவாகத் தென்படவில்லை. கண்ணில் பட்டவை சின்னச் சின்னத் துண்டுகள், அதுவும் நுண்ணுயிரிகள் எளிதாகத் தின்னக்கூடியவை.

அவை ஏன் தின்னப்படாமல் கிடக்கின்றன என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது. நொதிகளை வெளியே சுரந்து, உணவை வெட்டி, கரைந்து வருவதை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே நொதி போய்ச் சேராத இடத்தில் எவ்வளவு நல்ல உணவு இருந்தும் பயனில்லை. களிமண் துகள்களின் பரப்பிலும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் பரப்பிலும் கரிம மூலக்கூறுகள் இறுக ஒட்டிக்கொள்கின்றன. இன்னும் சில, பாக்டீரியாவே நுழைய முடியாத நுண்துளைகளுக்குள் சிக்கிக்கொள்கின்றன. பரணில் கிடக்கும் சாமான் உறுதியால் தப்புவதில்லை, கை எட்டாததால் தப்புகிறது. மண்ணுக்குள் நடப்பதும் அதுதான்.

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. அப்படி ஒட்டிக்கொள்வதில் பெரும்பங்கு இலையே அல்ல, இலையைத் தின்று செத்த நுண்ணுயிரிகளின் மிச்சம்! அவற்றின் செல்சுவர்த் துண்டுகளும் புரதங்களும்தான் களிமண்ணோடு போய்ச் சேர்கின்றன. அதனால் விறைத்த மரக்கட்டையைவிட, சீக்கிரம் செரிக்கும் மெல்லிய இலை சில சமயம் மண்ணில் அதிக கார்பனை விட்டுச்செல்ல முடியும். நுண்ணுயிரிகள் அதைத் தின்று நன்றாகப் பெருகுகின்றன, பெருகியவை மடிந்து மண்ணோடு சேர்கின்றன.

களிமண் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமேசான் படுகையே சாட்சி. அங்கே ரியோ நீக்ரோ ஆறு கறுப்பாக ஓடுகிறது. அதன் படுகையில் பல இடங்களில் வெளுத்த மணல்தான் மண். மழைநீர் இலைக்குவியலிலிருந்து இழுத்துவரும் சாற்றைப் பிடித்துவைக்க அங்கே களிமண்ணும் இல்லை, இரும்பும் இல்லை. சாறு அப்படியே ஓடைக்குப் போகிறது. களிமண் நிறைந்த காட்டிலிருந்து கசிந்து வரும் ஓடைநீர் இதைவிட எவ்வளவோ தெளிவு.

சரி, ஓடையில் சேர்ந்த கார்பன் நேரே கடலுக்குப் போய்விடுமா? வெறும் குழாய் என்றுதான் ஆறுகளை முன்பு கணக்கில் வைத்திருந்தார்கள். சூழலியல் ஆய்வாளர் ஜோனதன் கோலும் அவரது குழுவினரும் 2007-இல் போட்ட கணக்கு வேறு மாதிரி இருந்தது. நிலத்திலிருந்து ஆறு, ஏரிகளுக்கு ஆண்டுதோறும் வரும் கார்பன் சுமார் 190 கோடி டன். கடலைச் சேர்வது சுமார் 90 கோடி டன். கிட்டத்தட்ட 80 கோடி டன் வழியிலேயே காற்றுக்குப் போய்விடுகிறது, மீதி வண்டலில் புதைகிறது. வந்து சேரும் அளவு இன்னும் அதிகம் என்கின்றன பிந்தைய கணக்குகள்.

இதில் மனிதர் வேலை, எட்டாமல் இருந்ததை எட்டச் செய்வது. உழும்போது மண்கட்டிகள் உடைந்து உள்ளே கிடந்தது வெளியே வருகிறது. விவசாயம் தொடங்கியதிலிருந்து மண் இழந்த கார்பன் 10,000 கோடி டன்னுக்கும் மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். சதுப்பு நிலத்தில் கார்பனைக் காப்பது களிமண் அல்ல, ஆக்சிஜன் புகாத நீர். அந்த நீரை வடித்தால் நிலமே கரையும். இங்கிலாந்தின் ஹோம் ஃபென் சதுப்பில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி ஒரு தூணை இறக்கினார்கள். இன்று அது தரைக்கு மேல் சுமார் 4 மீட்டர் நிற்கிறது. நீர் வடிந்த சதுப்பு மண் சுருங்கி அமுங்கியது ஒரு பங்கு, மக்கிக் காற்றானது இன்னொரு பங்கு.

இழந்ததை மண்ணில் மீண்டும் சேர்க்கலாம் என்று இப்போது நிறையத் திட்டங்கள் வருகின்றன. சேர்க்கலாம்தான். ஆனால் ஓராண்டில் சேர்வது, ஏற்கெனவே இருப்பதன் முன் மிகச் சிறிது. ஒரே வயலுக்குள்ளேயே இடத்துக்கு இடம் அளவும் மாறும். இரண்டு மூன்று ஆண்டில் அளந்து வெற்றி என்று அறிவிப்பதை நான் நம்பமாட்டேன். மூன்றாண்டில் முடிந்துபோகும் ஆய்வு நிதியால் இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1843-இல் தொடங்கிய வயல் சோதனைகள் இன்றும் நடக்கின்றன. அங்கே ஒரு பாத்திக்கு 1852 முதல் 1871 வரை மட்டும் தொழுஉரம் இட்டு நிறுத்தினார்கள். நூறாண்டுக்கு மேல் கழித்து அளந்தபோதும், உரமே காணாத பக்கத்துப் பாத்தியைவிட அதில் கார்பன் அதிகமாகவே இருந்தது. ஒவ்வொரு நாட்டிலும், ஒவ்வொரு வகை மண்ணிலும் இப்படி ஒரு வயலையாவது தலைமுறைகள் தாண்டி நடத்தப் பணம் ஒதுக்க வேண்டும்.